சின்ன வேலைக்கு எந்தச் சான்றிதழ்? மைனர் வொர்க்ஸா, இன்ஸ்டலேஷன் சர்டிபிகேட்டா?

கேள்வி இதுதான். லண்டனில் எலெக்ட்ரீசியன் படிப்பை முடித்துவிட்டு, சிறு வேலைகளைச் சொந்தமாக எடுக்கத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பி கேட்கிறார்: "அடுத்த வாரம் ஹாரோவில் ஒரு வீட்டில் மூன்று வேலை. சமையலறையில் இருக்கிற சர்க்யூட்டிலிருந்து இரண்டு டபுள் சாக்கெட் கூட்ட வேண்டும். குளியலறையில் எக்ஸ்ட்ராக்டர் ஃபேன் ஒன்று. புதிதாக 9.5 கிலோவாட் எலெக்ட்ரிக் ஷவருக்கு பியூஸ் போர்டிலிருந்து தனி வயர். மூன்றுக்கும் மைனர் வொர்க்ஸ் சர்டிபிகேட் கொடுத்தால் போதுமா? வீட்டுக்காரர் 'எல்லாம் சின்ன வேலைதானே' என்கிறார். நான் இன்னும் எந்த ஸ்கீமிலும் பதிவு செய்யவில்லை."

தம்பி, போதாது. சாக்கெட்டுக்கும் ஃபேனுக்கும் மைனர் வொர்க்ஸ் சரி. ஷவருக்கு எலெக்ட்ரிக்கல் இன்ஸ்டலேஷன் சர்டிபிகேட்தான், அதாவது நாம் ஈஐசி என்று சொல்வது. அதோடு, தன் வேலைக்குத் தானே சான்று சொல்ல எலெக்ட்ரீசியன்களைப் பதிவு செய்யும் எந்த ஸ்கீமிலும் நீங்கள் இல்லை என்பதால், ஷவர் வேலையைத் தொடங்குவதற்கு முன்பே கவுன்சிலின் பில்டிங் கன்ட்ரோலுக்கு (கட்டட விதிகளைக் கண்காணிக்கும் பிரிவு) அறிவிக்க வேண்டும். வேலையைத் தொடங்குமுன் கேட்டது நல்லது. பலர் சுவரைப் பூசி, டைல் ஒட்டி முடித்த பிறகுதான் இதைக் கேட்கிறார்கள்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் அடுத்த வேலைக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்காது. இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. குழப்பம் முழுவதும் அவற்றை ஒன்றாகப் போட்டுப் பிசைவதால் வருகிறது. முதல் கேள்வி, எந்தப் படிவம்? இதை பிஎஸ் 7671 என்கிற வயரிங் விதிகள் தீர்மானிக்கின்றன. இரண்டாவது, கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டுமா? இதை பில்டிங் ரெகுலேஷன்ஸில் வீட்டு மின்வேலையின் பாதுகாப்பைப் பற்றிய பகுதியான 'பார்ட் பி' தீர்மானிக்கிறது. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுத் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். 'அறிவிக்க வேண்டிய வேலை என்றால் ஈஐசி, இல்லாவிட்டால் மைனர் வொர்க்ஸ்' என்று ஒரு சூத்திரம் ஆட்களிடையே உலவுகிறது. அது தவறு.

முதலில் படிவம். பிஎஸ் 7671-இன் ஆறாவது பின்னிணைப்பில் மாதிரிப் படிவங்கள் இருக்கின்றன. மைனர் வொர்க்ஸ் எப்போது என்பதற்கு விதி சொல்வது ஒரே ஒரு எல்லைதான்: கூட்டலோ மாற்றமோ செய்கிற வேலை, ஆனால் அதில் புதிய சர்க்யூட் எதுவும் வரக் கூடாது. வேலை எத்தனை மணி நேரம், எத்தனை பவுண்டு, எத்தனை மீட்டர் வயர் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. ஒரு சர்க்யூட்டில் எட்டு சாக்கெட் கூட்டி இரண்டு நாள் சுவர் வெட்டினாலும் அது மைனர் வொர்க்ஸ்தான். போர்டுக்குப் பக்கத்திலேயே ஒற்றை சாக்கெட்டுக்குப் புதிய பிரேக்கர் போட்டு அரை மீட்டர் வயர் இழுத்தால் அது ஈஐசி. 'மைனர்' என்ற பெயர்தான் ஆட்களை ஏமாற்றுகிறது.

அப்படியானால் சர்க்யூட் என்பது எது? ஒரே இடத்திலிருந்து மின்சாரம் பெற்று, ஒரே ஓவர்கரண்ட் பாதுகாப்புக் கருவியால் காக்கப்படும் தொகுதி ஒரு சர்க்யூட். நடைமுறையில் போர்டில் ஒரு பிரேக்கர், அதற்குக் கீழே தொங்குவதெல்லாம் ஒரு சர்க்யூட். உடனே ஒரு சந்தேகம் வரும்: ஃபியூஸ்டு ஸ்பர் (இருக்கிற சர்க்யூட்டிலிருந்து தனி பியூஸோடு எடுக்கும் கிளை) போட்டால் அதற்குள் 13 ஆம்பியர் பியூஸ் இருக்கிறதே, அதற்கப்பால் இருப்பது தனி சர்க்யூட் ஆகாதா? சொல்லைச் சொல்லாகப் பிடித்தால் அப்படி வாதாடலாம். ஆனால் அதே விதிப் புத்தகம் ஸ்பர் என்பதை ரிங் (போர்டிலிருந்து கிளம்பிச் சுற்றி மறுபடி போர்டுக்கே வருவது) அல்லது ரேடியல் (ஒரு வழியாக மட்டும் போய் முடிவது) சர்க்யூட்டின் ஒரு கிளை என்றுதான் வரையறுக்கிறது. கிளையை மரத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை. ஃபியூஸ்டு ஸ்பருக்கு மைனர் வொர்க்ஸ் போதும். தோட்டத்துக் கொட்டகைக்கு ஸ்பர் எடுத்து, கொட்டகைக்குள் ஒரு சின்ன போர்டு மாட்டி, அதிலிருந்து லைட்டுக்கும் சாக்கெட்டுக்கும் பிரித்துவிட்டால் கதை வேறு. அங்கே புதிய சர்க்யூட்டுகள் பிறந்துவிட்டன, ஈஐசி.

பியூஸ் போர்டை மாற்றுவதற்கு மைனர் வொர்க்ஸ் கொடுக்கவே கூடாது. புதிய சர்க்யூட் எதுவும் கூட்டவில்லையே என்று நினைக்கலாம். ஆனால் போர்டை மாற்றும்போது வீட்டின் ஒவ்வொரு சர்க்யூட்டின் பாதுகாப்பும் மாறுகிறது. அத்தனையையும் சோதித்து, அளவுகளை அட்டவணையில் எழுத வேண்டும். மைனர் வொர்க்ஸ் படிவத்தில் ஒரே ஒரு சர்க்யூட்டின் அளவுகளுக்குத்தான் இடம் இருக்கிறது. கார் சார்ஜருக்கும் போர்டிலிருந்து தனி வயர் போவதால் ஈஐசி.

சில வேலைகள் நடுவில் நிற்கும். பழைய எம்சிபி (சாதாரண பிரேக்கர்) ஒன்றைக் கழற்றி அதே அளவு ஆர்சிபிஓ (மின்கசிவையும் கண்டு துண்டிக்கும் பிரேக்கர்) போடுவது ஒரு சர்க்யூட்டில் செய்த மாற்றம். நான் மைனர் வொர்க்ஸ் எழுதுவேன், பெரும்பாலானவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு ரிங்கை இரண்டாக வெட்டி இரண்டு ரேடியலாக்கினால் போர்டில் புதிதாக ஒரு பிரேக்கர் வருகிறது, அதனால் நான் ஈஐசி எழுதுவேன். பழைய ஷவரைக் கழற்றி அதே கிலோவாட் ஷவரை அதே வயரில் மாட்டினால் அது வெறும் மாற்றல். பழையது 7.5, புதியது 10.5, அதற்காக வயரையும் பிரேக்கரையும் பெரிதாக்கினீர்கள் என்றால் பழைய சர்க்யூட்டில் மிஞ்சியது பெயர் மட்டும்தான், ஈஐசி எழுதுங்கள். தயக்கமாக இருந்தால் ஈஐசி பக்கம் சாயுங்கள். மைனர் வொர்க்ஸ் போதுமான இடத்தில் ஈஐசி கொடுப்பது தவறில்லை. ஈஐசி வேண்டிய இடத்தில் மைனர் வொர்க்ஸ் கொடுப்பதுதான் தவறு.

உங்கள் வேலைக்கும் அதையே சொல்வேன். மைனர் வொர்க்ஸ் என்பது ஒரு சர்க்யூட்டுக்கு ஒன்று. அதனால் சாக்கெட்டுக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று, ஷவருக்கு ஈஐசி என்று மூன்று காகிதம் ஆகும். மாறாக, ஒரே ஈஐசியில் மூன்றையும் அடக்கலாம். ஈஐசி முழு வீட்டு வயரிங்குக்கு மட்டும் உரியதல்ல. இருக்கும் இன்ஸ்டலேஷனில் கூட்டல், மாற்றம் என்று குறிக்கவும் அதில் கட்டங்கள் உண்டு. வேலையின் எல்லையை எழுதும் இடத்தில் 'ஷவருக்குப் புதிய சர்க்யூட், சமையலறை ரிங்கில் இரண்டு சாக்கெட், லைட்டிங் சர்க்யூட்டில் ஃபேன்' என்று தெளிவாக எழுதுங்கள். அந்த எல்லைக் குறிப்புதான் உங்களைக் காக்கும். அதில் இல்லாத எதற்கும் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. ஆய்வு அட்டவணையும் சோதனை அட்டவணையும் இணைக்காத ஈஐசி வெறும் காகிதம் என்பதையும் மறக்காதீர்கள்.

இனி, மைனர் வொர்க்ஸில் பலர் சறுக்கும் இடத்துக்கு வருகிறேன். படிவம் சின்னது என்பதால் சோதனையும் சின்னது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நீங்கள் ஒரு சாக்கெட் கூட்டினாலும் எர்த் தொடர்ச்சி, ரிங் என்றால் ரிங்கின் தொடர்ச்சி, இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ், போலாரிட்டி (லைனும் நியூட்ரலும் இடம் மாறாமல் இருக்கிறதா என்பது), எர்த் ஃபால்ட் லூப் இம்பிடன்ஸ் (பழுது வந்தால் மின்னோட்டம் எர்த் வழியாகத் திரும்பும் பாதையின் தடை), ஆர்சிடி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் கருவி) இருந்தால் அது விழும் நேரம், எல்லாம் அளந்து எழுத வேண்டும். 500 வோல்ட் டிசியில் இன்சுலேஷன் குறைந்தது 1 மெகாஓம் இருக்க வேண்டும். நல்ல சர்க்யூட்டில் இதைவிடப் பல மடங்கு வரும், ஒன்றுக்கு அருகில் வந்தால் எங்கோ ஈரமோ காயமோ இருக்கிறது என்று தேடுங்கள். சமையலறை ரிங் 32 ஆம்பியர் 'பி' வகை பிரேக்கரில் இருந்தால் லூப் இம்பிடன்ஸின் உச்ச எல்லை 1.37 ஓம். அது வயர் சூடாக இருக்கும் நிலைக்கான கணக்கு. நீங்கள் அளக்கும்போது வயர் குளிர்ந்திருக்கும் என்பதால் அதில் 80 சதவீதம், அதாவது 1.10 ஓமுக்குள் வருகிறதா என்று பாருங்கள். 30 மில்லியாம்பியர் ஆர்சிடி, அதே 30 மில்லியாம்பியர் சோதனையில் 300 மில்லிசெகண்டுக்குள் விழ வேண்டும்.

எண்களை ஊகித்து எழுதாதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் ஒரே ஒரு சாக்கெட் கூட்டப் போனேன். ரிங்கின் இரண்டு முனையையும் போர்டில் கழற்றி அளந்தால் லைனும் நியூட்ரலும் சுற்றி வருகின்றன, எர்த் வரவில்லை. தேடிப் பார்த்தால் வரவேற்பறை சாக்கெட்டின் பின்னால் எர்த் வயர் ஒடிந்து கிடந்தது. ஒவ்வொரு சாக்கெட்டும் அதுவரை ஒரு பக்கத்திலிருந்து எர்த் பெற்று ஒழுங்காகவே வேலை செய்துகொண்டிருந்தது. இன்னொரு இடத்திலும் ஒடிந்திருந்தால் இடையில் இருந்த அத்தனை சாக்கெட்டும் எர்த் இல்லாமல் போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். சோதனைக் கட்டத்தில் சும்மா ஓர் எண்ணைப் போட்டுவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன்.

புதிய சாக்கெட்டை மாட்டும் முறையிலும் கவனம். ரிங்கிலிருந்து பியூஸ் இல்லாமல் எடுக்கும் ஒரு ஸ்பரில் ஒரு டபுள் சாக்கெட்தான் இருக்கலாம். இரண்டாவதை முதலாவதிலிருந்து தொடுத்துக்கொண்டு போகக் கூடாது. வெவ்வேறு புள்ளிகளிலிருந்து எடுங்கள், அல்லது ரிங்கையே நீட்டிக் கொண்டுபோங்கள். அந்தச் சாக்கெட்டுகளுக்கு 30 மில்லியாம்பியர் ஆர்சிடி பாதுகாப்பு வேண்டும். போர்டு பழையதாக இருந்து அதில் ஆர்சிடி இல்லையென்றால் நீங்கள் கூட்டும் பகுதிக்காவது அதை ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு. 'ஏற்கெனவே அப்படித்தான் இருந்தது' என்ற பதில் பழைய பகுதிக்குச் செல்லும், புதிய பகுதிக்குச் செல்லாது. ஃபேனுக்கும் இதே கதைதான். குளியலறைக்குப் போகும் சர்க்யூட்டுகளுக்கு ஆர்சிடி கேட்கிறது விதி. வீடுகளில் லைட்டிங் சர்க்யூட்டுகளுக்கே வயரிங் விதிகளின் 18-ஆம் பதிப்பு, 2018-இலிருந்து, ஆர்சிடி கேட்கிறது. விலை சொல்வதற்கு முன் போர்டைத் திறந்து பார்த்துவிடுங்கள். 'ஃபேன் மாட்ட இவ்வளவு' என்று சொல்லிவிட்டு, அப்புறம் ஆர்சிபிஓ விலையை எப்படிக் கேட்பது என்று விழிக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று. கூட்டுகிற வேலையைத் தொடங்குமுன், இருக்கிற இன்ஸ்டலேஷன் அதைத் தாங்குமா என்று பார்ப்பது விதியின் அடிப்படைக் கட்டளை. உங்கள் ஷவர் 240 வோல்ட்டில் ஏறத்தாழ 40 ஆம்பியர் இழுக்கும். அந்த வீட்டு மெயின் பியூஸ் 60 ஆம்பியரா, 80-ஆ, 100-ஆ? வீட்டில் ஏற்கெனவே கார் சார்ஜரோ எலெக்ட்ரிக் அடுப்போ இருக்கிறதா? எர்த்திங் டிஎன்-சி-எஸ் வகை (தெருவிலிருந்து நியூட்ரலும் எர்த்தும் ஒரே வயராக வரும் ஏற்பாடு) என்றால் கேஸ் குழாய்க்கும் தண்ணீர்க் குழாய்க்கும் மெயின் பாண்டிங் (குழாய்களை எர்த்தோடு இணைக்கும் வயர்) இருக்கிறதா, அதன் வயர் பொதுவாகக் கேட்கப்படும் 10 சதுர மில்லிமீட்டர் அளவில் இருக்கிறதா? மைனர் வொர்க்ஸ் படிவத்திலும் எர்த்திங், பாண்டிங் பற்றிய கட்டங்கள் இருப்பது இதற்காகத்தான். பாண்டிங் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள், அப்புறம் மற்றது. வீட்டுக்காரர் மறுத்தால் வேலையை விட்டுவிடுவது நல்லது. குளியலறைக்குள் உலோகப் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் துணை பாண்டிங்கைத் தவிர்க்கலாம் என்று விதி தரும் சலுகையும், சர்க்யூட்டுகளில் ஆர்சிடியும் வீட்டில் மெயின் பாண்டிங்கும் ஒழுங்காக இருந்தால்தான் செல்லும்.

உங்கள் வேலைக்குச் சம்பந்தமில்லாத பழைய குறைகள் கண்ணில் பட்டால் அவற்றை நீங்கள் சரிசெய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் சான்றிதழில் எழுத வேண்டும், இருக்கும் இன்ஸ்டலேஷன் பற்றிய குறிப்புகளுக்கென்றே அதில் இடம் இருக்கிறது. ஒரு பழைய வீட்டில் நடையில் தொங்கும் பிளாஸ்டிக் லைட்டைக் கழற்றிப் பித்தளை விளக்கு மாட்டச் சொன்னார்கள். கூரையில் திறந்தால் சிவப்பும் கறுப்பும் மட்டும், எர்த் வயரே இல்லை. 1966-க்கு முன் லைட்டிங் சர்க்யூட்டுக்கு எர்த் கட்டாயமாக இருக்கவில்லை, அந்தக் காலத்து வயரிங். பித்தளை விளக்கை மாட்ட மாட்டேன் என்று சொல்லி, எர்த் தேவைப்படாத இரட்டை இன்சுலேஷன் விளக்கு ஒன்றை மாட்டிவிட்டு, குறையைச் சான்றிதழில் எழுதிக் கொடுத்தேன். வீட்டம்மாவுக்கு வருத்தம்தான், ஆசையாக வாங்கிய விளக்கு. ஆனால் அடுத்த வருடம் அதே காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேல்மாடி முழுவதையும் புது வயரிங் செய்யக் கூப்பிட்டார். சாக்கெட், சுவிட்ச், விளக்கு மாற்றுவதற்கும் மைனர் வொர்க்ஸ் பயன்படுத்தலாம் என்று படிவத்தின் குறிப்பிலேயே இருக்கிறது. உடைந்த சாக்கெட் முகப்பை மாற்றும் சின்ன வேலைக்கும் நான் எழுதிக் கொடுத்துவிடுவேன்.

சரி, இரண்டாவது கேள்வி: கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டுமா? பார்ட் பி 2005 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்போது சமையலறை வேலையும் வீட்டுக்கு வெளியே செய்யும் வேலையும் அறிவிக்க வேண்டியவையாக இருந்தன. 2013 ஏப்ரலில் இங்கிலாந்தில் பட்டியலைச் சுருக்கினார்கள். இப்போது மூன்றுதான்: புதிய சர்க்யூட், போர்டு மாற்றம், குளியல் அல்லது ஷவர் உள்ள அறையின் குறிப்பிட்ட வளையத்துக்குள் (நீச்சல் குளம், சவுனா அறைகளும் சேரும்) இருக்கும் சர்க்யூட்டில் செய்யும் கூட்டலோ மாற்றமோ. வேல்ஸில் இன்னும் பழைய நீண்ட பட்டியல்தான், ஸ்காட்லாந்தில் ஏற்பாடே வேறு. ஹாரோ இங்கிலாந்து என்பதால் சமையலறை சாக்கெட்டை அறிவிக்க வேண்டாம்.

ஃபேன் எங்கே வருகிறது என்று அளந்து பாருங்கள். குளியல் தொட்டியின் அல்லது ஷவர் தட்டின் விளிம்பிலிருந்து கிடைமட்டமாக 0.6 மீட்டருக்குள், தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரத்துக்குள் என்றால் அறிவிக்க வேண்டும். ஷவர் தலை அதைவிட உயரத்தில் இருந்தால் அந்த உயரம் வரை. தட்டே இல்லாத ஈர அறை என்றால் ஷவர் தலையிலிருந்து 1.2 மீட்டர். ஃபேன் இதற்கு வெளியே இருந்தால் அறிவிப்பு தேவையில்லை. இரண்டு கேள்வியும் வேறு வேறு என்பது இங்கேதான் பளிச்சென்று தெரியும்: வளையத்துக்குள் ஃபேன் மாட்டினால் படிவம் மைனர் வொர்க்ஸ், ஆனால் வேலை அறிவிக்க வேண்டியது.

ஷவர் புதிய சர்க்யூட், அதனால் அறிவிப்பு கட்டாயம். என்ஐசிஇஐசி, நாபிட் போன்ற ஸ்கீமில் பதிவு செய்தவர் என்றால் வேலை முடிந்து 30 நாளுக்குள் ஸ்கீம் வழியாக அறிவிப்பார், வீட்டுக்காரருக்கு பில்டிங் ரெகுலேஷன்ஸ் கம்ப்ளையன்ஸ் சர்டிபிகேட் வரும். அது ஈஐசிக்குப் பதிலான காகிதம் அல்ல, அதோடு சேர்ந்து வர வேண்டிய இன்னொரு காகிதம். பதிவு இல்லாத உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, தொடங்குமுன் கவுன்சிலுக்கு பில்டிங் நோட்டீஸ் கொடுத்துக் கட்டணம் கட்டுவது. இன்னொன்று, பதிவு பெற்ற மூன்றாம் தரப்புச் சான்றளிப்பாளர் ஒருவரைத் தொடங்குமுன்பே அமர்த்துவது. அவர் இடையிலும் முடிவிலும் பார்ப்பார், முடிந்த ஐந்து நாளுக்குள் நீங்கள் அவருக்குச் சொல்ல வேண்டும். கவுன்சில் கட்டணம் சில சமயம் உங்கள் கூலியில் பெரிய பங்கைத் தின்றுவிடும். மாதத்துக்கு இரண்டு மூன்று இப்படி வேலை வருகிறது என்றால் ஸ்கீமில் சேர்ந்துவிடுவதுதான் கணக்குக்கு நல்லது. ஆனால் இதைக் கவனியுங்கள்: ஈஐசியும் மைனர் வொர்க்ஸும் எழுத ஸ்கீம் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. வேலையும் சோதனையும் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உறுப்பினர் இல்லை என்பதற்காகச் சான்றிதழ் கொடுக்காமல் வந்துவிடாதீர்கள்.

ஈஐசிஆர் என்கிற நிலை அறிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நம்மவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது. "தம்பி, வேலையை மச்சான் செய்திட்டார், நீங்கள் சர்டிபிகேட் மட்டும் போட்டுத் தாங்கோ" என்று கேட்பார்கள். மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஈஐசியில் வடிவமைப்பு, வேலை, சோதனை என்று மூன்று கையெழுத்து இருக்கிறது. மூன்றையும் ஒருவரே செய்தால் ஒருவரே போடலாம், செய்யாதவர் போட முடியாது. சுவருக்குள் போன வயரை நீங்கள் பார்க்கவில்லையே. அப்படிப்பட்டவருக்கு நீங்கள் தரக்கூடியது ஈஐசிஆர் மட்டும்தான். இன்று இருக்கிற நிலை இது என்று சொல்லும் அறிக்கை அது, வேலை விதிப்படி செய்யப்பட்டது என்ற உறுதிமொழி அல்ல. அறிவிக்காமல் செய்த வேலை என்றால் வீட்டுக்காரர் கவுன்சிலில் 'ரெகுலரைசேஷன்' விண்ணப்பம், அதாவது முடிந்த வேலைக்குப் பின்னால் ஒப்புதல் கேட்கும் விண்ணப்பம், போட வேண்டும்.

வாடகை வீட்டு உரிமையாளர்களிடம் இதன் மறுபக்கம் நடக்கும். இங்கிலாந்தில் 2020-இன் விதிப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது ஈஐசிஆர் எடுக்க வேண்டும். அதில் சி1 (உடனடி ஆபத்து), சி2 (ஆபத்தாகக் கூடியது) என்று வந்தவற்றை 28 நாளுக்குள், அறிக்கை அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதற்குள், சரிசெய்து எழுத்தில் உறுதி பெற வேண்டும். சரிசெய்கிற வேலைக்கு உங்கள் மைனர் வொர்க்ஸோ ஈஐசியோ தனியாக வேண்டும். பழைய அறிக்கையின் மேல் 'சரிசெய்தாயிற்று' என்று பேனாவால் எழுதிக் கொடுப்பது செல்லாது.

வீட்டுக்காரர் "சின்ன வேலைதானே, காகிதம் எதற்கு" என்றால் சண்டை போட வேண்டாம். வீட்டை விற்கும்போது நிரப்பும் டிஏ6 படிவத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 2005 ஜனவரி 1-க்குப் பின் மின்வேலை ஏதாவது நடந்ததா, சான்றிதழ் எங்கே என்று அதில் நேராகவே கேட்கிறது. வாங்குபவரின் சொலிசிட்டர் விடமாட்டார். அப்போது ஓடி அலைவதைவிட இப்போது கோப்பில் ஒரு காகிதம் வைத்துக்கொள்வது அவருக்குத்தான் லாபம்.

ஆகவே வேலை தொடங்குமுன் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய் மெயின் பியூஸ், பாண்டிங், போர்டில் ஆர்சிடி, ஃபேன் வரும் இடம் நான்கையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கவுன்சிலுக்கு நோட்டீஸ். ஃபேன் வளையத்துக்குள் வந்தால் அதையும் அதே நோட்டீஸில் சேர்த்துவிடலாம். வேலை முடிந்ததும் ஒரே ஈஐசி, அட்டவணைகளோடு. மூலப் பிரதி வேலை கொடுத்தவருக்கு, நகல் உங்களுக்கு. சோதனை அளவுகளில் ஏதாவது விநோதமாக வந்தால் எண்களோடு எழுதிக் கேளுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.